கீட்டோ தொடங்கியதும் சோர்வா? பலர் செய்யும் தவறுகள்

கீட்டோ என்பது மாவுச்சத்தை மிகவும் குறைத்து, பெரும்பாலும் கொழுப்பிலிருந்து ஆற்றல் பெறும் உணவுமுறை. மாவுச்சத்தைக் குறைத்த மூன்றாம் நாள் தலை கனக்கும், நாலு படி ஏறினால் கால் துவளும். "எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று அன்றைக்கே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுபவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு உண்மையில் குறைந்தது உப்பு.

கல்லீரலும் தசைகளும் சுமார் 400 முதல் 500 கிராம் கிளைகோஜனை, அதாவது உடல் இருப்பு வைக்கும் சர்க்கரையை, சேமித்து வைத்திருக்கின்றன. அதில் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்து வரத்து குறைந்ததும் இந்த இருப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பங்கு இதுதான். (கொழுப்பே கரைந்துவிட்டது என்று மகிழ்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இரண்டாம் வாரம் எடை மெஷினே சொல்லிவிடும்.) கூடவே இன்சுலினும் இறங்குகிறது. உப்பில் உள்ள சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்தைத் தூண்டுவது இன்சுலின். அது குறைந்தால் உப்பு சிறுநீரோடு போய்விடும். தலைவலி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, சிடுசிடுப்பு, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வரிசையாக வரும். 'கீட்டோ ஃப்ளூ' என்பது இதைத்தான், பெயரில்தான் காய்ச்சல்.

இந்த நேரத்தில் 'ஆரோக்கியமாக' இருக்க வேண்டுமென்று உப்பையும் குறைப்பது முதல் தவறு. பாக்கெட் உணவுகளை நிறுத்தியதிலேயே உப்பு ஓரளவு குறைந்திருக்கும். அதன்மேல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் உதவாது. உப்புப் போட்ட சூப் இரண்டு கிண்ணம் குடித்தால் பலருக்கு அரை மணி நேரத்தில் தலை தெளியும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

அடுத்தது, கொழுப்புக்குப் பயப்படுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் 50 கிராம் மாவுச்சத்தும் 100 கிராம் புரதமும் சாப்பிட்டால் 600 கலோரிதான் ஆகிறது. மீதி 1400 கலோரிக்கு 155 கிராம் கொழுப்பு வேண்டும். பயந்துகொண்டு 60 கிராமோடு நிறுத்தினால் மொத்தமே 1140. இது பாதிப் பட்டினி. சோர்வு வராமல் என்ன செய்யும்? எடை குறைக்கும் நோக்கம் இருந்தால் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் முதல் சில வாரங்களில் வேண்டாம்.

அவசரமும் ஒரு தவறுதான். கல்லீரல் சில நாட்களிலேயே கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். தசைகள் கொழுப்பில் ஓடப் பழக வாரங்கள் ஆகும். 1878 முதல் 1880 வரை ஆர்க்டிக்கில் பயணம் செய்த அமெரிக்க ராணுவ அதிகாரி ஃபிரெடரிக் ஷ்வாட்கா, கலைமான் இறைச்சியை மட்டுமே நம்பியபோது முதலில் பலவீனம் தெரிந்ததாகவும், இரண்டு மூன்று வாரங்களில் அது நீங்கியதாகவும் எழுதிவைத்தார். நடுநடுவே 'இன்றைக்கு மட்டும்' என்று இனிப்பைத் தொட்டால் அந்த வாரங்கள் நீண்டுகொண்டே போகும்.

பழகிய பிறகும் எல்லாம் முன்போல் இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். நீண்ட நடை, நிதானமான சைக்கிள் ஓட்டம் இவற்றுக்குச் சிக்கலில்லை. அதே அளவு ஆற்றலுக்குக் கொழுப்பு சற்று அதிக ஆக்சிஜனைக் கேட்கும் என்பதால் வேக ஓட்டத்தில் பலருக்குத் தொய்வு தெரியும். அது உங்கள் முயற்சியில் உள்ள குறை இல்லை.

கீட்டோன் அளவு பார்க்கும் சிறுநீர்ப் பட்டையின் நிறம் வெளிறினால் பதறவும் வேண்டாம். ரத்தத்தில் அதிகமாக உள்ள கீட்டோனான பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட்டை அது அளப்பதே இல்லை.

விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத தவறு ஒன்று உண்டு: சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் தானாகவே தொடங்குவது. இன்சுலினும் சில மாத்திரைகளும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளில், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே கீட்டோ அசிடோசிஸ் (கீட்டோன் அளவு மீறிச் சேர்ந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வரக்கூடும். இவர்களுக்கு வாந்தியும் மூச்சுவாங்கலும் வந்தால் சூப்பைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.