வரிசையாக ‘ஏ’ வாங்கும் பிள்ளைக்கு ஒரு சின்னச் சோதனை

அமெரிக்கப் பள்ளியிலிருந்து வரும் ரிப்போர்ட் கார்டில் எல்லாம் ‘ஏ’வா? சந்தோஷம். கேக் வாங்குவதற்கு முன், வசந்த காலத்தில் எழுதிய மாநிலத் தேர்வின் முடிவைத் தேடி எடுங்கள். வார இறுதியில் கணக்குச் சொல்லித் தரும் நான் முதலில் கேட்பது அதைத்தான். வகுப்பில் ‘ஏ’, மாநிலத் தேர்வில் தேர்ச்சி நிலைக்குக் கீழே என்றால் ஆசிரியரிடம் பேசியே ஆகவேண்டும். அந்த ‘ஏ’ எவ்வளவு தாராளமாகக் கொடுத்தது என்று தெரிந்துகொள்ள என்ன கேட்பது? மறுதேர்வு எத்தனை முறை, தாமதமான வீட்டுப்பாடத்துக்கு முழு மதிப்பெண்ணா, எழுதாத தாளுக்கும் நூற்றுக்கு 50 உண்டா. சில பள்ளி மாவட்டங்களில் உண்டு!

அப்புறம் வீட்டில். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கால்குலேட்டர் இல்லாமல் முக்காலை (3/4) அரைக்காலால் (1/8) வகுக்கச் சொல்லுங்கள். ஆறு என்றால் ‘ஏன்?’ என்று கேளுங்கள். "தலைகீழாக்கிப் பெருக்கணும்" என்பது பாதி பதில்தான். முக்காலுக்குள் ஆறு அரைக்கால் இருப்பதைப் படம் போட்டுக் காட்டவேண்டும். தடுமாறினால் உடனே சொல்லிக்கொடுக்காதீர்கள். ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் முட்டிமோத விடுங்கள். அந்தப் பொறுமைதான் இப்போது அரிது.

பிள்ளைகள் கணக்கில் பின்தங்குவதை முழுக்கக் கொரோனா தலையில் கட்ட முடியாது; சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ‘நேப்’ (NAEP) என்கிற அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்புக் கணக்குச் சராசரி 2013இல் 285, 2019இல் 282, 2022இல் 274. அதன் பழைய கேள்விகள் இணையத்தில் இலவசம். சனிக்கிழமை காலையில் பத்துக் கேள்வி போதும்.