கொலை கேஸ்ல "ஆளப் புடிச்சாச்சு"ன்னு போலீஸ் சொன்னா அத எப்படிப் படிக்கணும்: ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்ற வழி

நமக்கு மதுரையில கோர்ட்டு பக்கம் ஜெராக்ஸ் கடை, பதினாறு வருஷமா ஓடுது. ரிமாண்ட் ரிப்போர்ட்டு, எஃப்ஐஆர், அத்தாட்சி (பொருள் எடுத்ததுக்கு சாட்சி கையெழுத்து போடுற பேப்பர்), சார்ஜ் ஷீட்டுன்னு கட்டுக்கட்டா வரும், மெஷின்ல இருந்து பேப்பர் சூடா வெளிய விழும்போது கண்ணு சும்மா இருக்காதுல்ல, அப்படி ஓசியில படிச்ச படிப்புதேன் நம்ம படிப்பு. வக்கீல் இல்ல, முதல்லயே சொல்லிட்டேன்.

பெரிய கொலை ஒண்ணு நடந்து ஆளப் புடிச்சாச்சுன்னு நியூஸ் வந்தா பக்கத்து டீக்கடை ரெண்டா பிரிஞ்சுரும். "அதேன் புடிச்சாச்சுல்ல, இனி கோர்ட்டு கீர்ட்டு எதுக்கு"ன்னு ஒரு பெஞ்சு, "அட போப்பா, டம்மி ஆளு, எல்லாம் செட்டப்பு"ன்னு இன்னொரு பெஞ்சு. ரெண்டு பெஞ்சும் படிச்சது ஒரே பேப்பர்ல அதே எட்டு வரி. நான் உக்கார்றது ரெண்டாவது பெஞ்சுலதேன், ஆனா எத நம்பல, ஏன் நம்பலன்னு கேட்டா எங்க பெஞ்சுல பாதிப் பேருக்கு பதில் வராது. அவிங்களுக்காகத்தேன் இது.

சந்தேகம் ஒண்ணும் சும்மா வரல. 2016 ஜூன்ல நுங்கம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன்ல காலங்காத்தால ஒரு பொண்ண வெட்டுன கேஸ் ஞாபகம் இருக்கும், ஒரு வாரத்துல செங்கோட்டை பக்கம் ஒரு பையனப் புடிச்சாங்க, புடிக்கும்போது அவனே கழுத்த அறுத்துக்கிட்டான்னு போலீஸ் சொல்லுச்சு, இல்ல போலீஸ்தான் அறுத்துச்சுன்னு வீட்டு ஆளுக சொன்னாங்க, செப்டம்பர்ல புழல் ஜெயில்ல கரண்ட் வயரக் கடிச்சு செத்துட்டான்னு சொல்லிட்டாங்க. விசாரணையே நடக்காம கேஸ் முடிஞ்சுபோச்சு, யாரு சொன்னது நெசம்னு ஒரு ஜட்ஜும் சொல்ல வழியில்லாமப் போச்சு. அடுத்த வருஷம் வடக்க குருகிராம்ல ஸ்கூல் பாத்ரூம்ல சின்னப் பையன் கொலை, அன்னைக்கே பஸ் கண்டக்டரப் புடிச்சு ஒத்துக்கிட்டான்னு அறிவிச்சாங்க, ஊரே அவன் மேல காறித் துப்புச்சு, ரெண்டு மாசத்துல சிபிஐ வந்து அதே ஸ்கூல்ல படிச்ச வேற பையனப் புடிச்சுச்சு, 2018ல கண்டக்டர கேஸ்ல இருந்தே விடுவிச்சாங்க. அந்த ஆளு ஒத்துக்கிட்டான்னு சொன்னாங்களே, அது என்ன ஒத்துக்கிட்டதுன்னு யாராவது திரும்பக் கேட்டோமா?

சரி வேலைக்கு வருவோம். நியூஸக் கையில எடுத்ததும் மொதல்ல ஒவ்வொரு வரியும் யாரு சொன்னதுன்னு பிரிங்க, பேனா இருந்தா கோடு போடுங்க. சிசிடிவில பைக் தெரிஞ்சுச்சுங்கிறது ஒரு ரகம், அத நாளைக்கு கோர்ட்டுல போட்டுக் காட்டலாம். "அவன் எங்ககிட்ட சொன்னான்"ங்கிறது வேற ரகம். "முன்விரோதம் காரணமாக இருக்கலாம்"ங்கிறது மூணாவது ரகம், அது வெறும் யூகம். பேப்பர்ல மூணும் ஒரே பத்தியில கலந்து ஒரே கதையா வரும், படிக்கிற நமக்கு எல்லாம் பாத்த மாதிரியே இருக்கும். பிரிச்சுப் பாருங்க, பெரும்பாலும் மொத ரகத்துல ஒண்ணு ரெண்டு வரிதேன் தேறும்.

அடுத்தது நேரம். எனக்கு இதுதேன் ரொம்பப் புடிச்ச பகுதி. நாலு நேரத்த வரிசையா எழுதுங்க: சம்பவம் எப்ப, எஃப்ஐஆர் எப்ப, கைது எப்ப, மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துனது எப்ப. கைது பண்ணா 24 மணி நேரத்துக்குள்ள, பயண நேரம் கழிச்சு, மாஜிஸ்திரேட்கிட்ட கொண்டுபோகணும், அரசியல் சாசனத்துலயே 22வது பிரிவுல இருக்கு. அதனால நடக்கிற கூத்து என்னன்னா, திங்கக்கெழம ராத்திரி வீட்டுல இருந்து தூக்குவாங்க, புதன்கெழம காலையில "ரகசியத் தகவலின் பேரில் பஸ் ஸ்டாண்டில் சுற்றி வளைத்துப் பிடித்தனர்"னு கணக்கு வரும், நடுவுல ரெண்டு நாளு அந்த ஆளு எங்க இருந்தான்னு பேப்பர்ல இருக்காது. அந்தக் காலத்துல ஆளத் தூக்கிட்டுப் போனா வீட்டுப் பொம்பளைக நேரா தபால் ஆபீஸ் ஓடி கலெக்டருக்கும் முதலமைச்சருக்கும் தந்தி அடிப்பாங்க, உதவிக்குன்னு மட்டும் இல்ல, அந்தத் தேதியும் நேரமும் சாட்சியா நிக்கும்னுதேன். 2013ல தந்தியவே நிப்பாட்டிட்டாங்க, இப்ப ஸ்பீடு போஸ்ட்டும் ஈமெயிலும் அந்த வேலையப் பாக்குது. வீட்டு ஆளுக அப்படி எதாவது அனுப்பிருந்தாங்கன்னா, அந்தத் தேதியையும் போலீஸ் சொல்ற கைது தேதியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

எஃப்ஐஆர்லயும் ஒரு சின்ன விசயம் இருக்கு, வெளிய யாரும் பாக்குறதில்ல. கொலை கேஸ்னா எஃப்ஐஆர ஒரு போலீஸ்காரர் கையில குடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு உடனே அனுப்பணும், எக்ஸ்பிரஸ் எஃப்ஐஆர்னு சொல்லுவாங்க, மாஜிஸ்திரேட்டு வாங்குன நேரத்தப் போட்டு கையெழுத்து வைப்பாரு. ராத்திரி 9 மணிக்குப் பதிஞ்ச எஃப்ஐஆரு மறுநாள் மத்தியானம் பக்கத்துத் தெரு கோர்ட்டுக்குப் போய்ச் சேந்துச்சுன்னா, நடுவுல அதுல யாரு பேரு ஏறுச்சு யாரு பேரு எறங்குச்சுன்னு டிஃபன்ஸ் வக்கீல் குடைஞ்சு எடுத்துருவாரு. எஃப்ஐஆர நீங்களே பாக்கலாம், பதிஞ்ச 24 மணி நேரத்துல இணையத்துல ஏத்தணும்னு 2016ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்கு, தமிழ்நாடு போலீஸோட இ-சர்வீஸ் தளத்துல மாவட்டம், ஸ்டேஷன், நம்பர் போட்டா வரும். பாலியல் குற்றம், தீவிரவாதம் மாதிரி கேஸ்னா ஏத்த மாட்டாங்க, அத மறைச்சுட்டாங்கன்னு கத்தாதீங்க, சட்டமே அப்படித்தேன்.

இப்ப வாக்குமூலம். "பரபரப்பு வாக்குமூலம்"னு தலைப்பப் பாத்தாலே கேஸ் முடிஞ்சமாதிரி நெனைக்கிறோம், உள்ளபடி போலீஸ்கிட்ட சொன்ன வாக்குமூலம் கோர்ட்டுல செல்லவே செல்லாது. 2024 ஜூலை 1ல வந்த புதுச் சாட்சிய சட்டத்துலயும் 23வது பிரிவா அப்படியே இருக்கு, வெள்ளக்காரன் காலத்துச் சட்டத்துல 25, 26. ஏன்னா அடிச்சா யாரும் எதையும் ஒத்துக்குவான்னு வெள்ளக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு. மாஜிஸ்திரேட் முன்னாடி, இது உனக்கு எதிரா வரும், சொல்லணும்னு கட்டாயமில்லன்னு எச்சரிச்சு வாங்குனாத்தேன் கணக்கு. ஒரே ஒரு ஓட்டை உண்டு. அவன் சொன்னத வச்சு ஒரு பொருள் கெடச்சுச்சுன்னா, அந்தப் பொருளோட சம்பந்தப்பட்ட அந்தத் துண்டு மட்டும் செல்லும். அதனாலதேன் எல்லா வாக்குமூலமும் ஒரே மாதிரி முடியும், என் மெஷினுக்கே மனப்பாடம்: "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள அரிவாளை எடுத்து ஆஜர் செய்கிறேன்." எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் இந்த இலக்கணத் தமிழ்லதேன் பேசுறான், பி.இ. படிச்சவனும் இதே தமிழ்லதேன்.

அப்ப அந்த அரிவாளத்தேன் பாக்கணும். எங்க கெடச்சுச்சு? கண்மாய்க் கரையில ஆளு நடமாட்டம் உள்ள எடத்துல கெடந்துச்சுன்னா அது யாரு வேணும்னாலும் எடுத்திருக்கக்கூடிய எடம், அவனுக்கு மட்டும் தெரிஞ்ச எடம்னு சொல்றது கஷ்டம். சாட்சி யாரு கையெழுத்து போட்டது? நம்ம ஊர்ப்பக்கம் பாதி அத்தாட்சியில விஏஓவும் தலையாரியுந்தேன் இருப்பாங்க, ஒரு ரெண்டு பேரு பேர நான் வேற வேற கேஸ்ல அத்தனை தடவ பாத்துட்டேன், நேர்ல பாத்தா வணக்கம் வச்சுருவேன்போல. இன்னொரு வகை, குத்தவாளி தானா விஏஓ ஆபீஸுக்கு நடந்துபோய் "நாந்தேன் கொன்னேன்"னு சொன்னதா வரும், முன்னப்பின்ன தெரியாத விஏஓகிட்ட ஒருத்தன் ஏன் போய் மனசத் தொறக்குறான்னு கோர்ட்டுகளே பல தடவ கேட்டிருக்கு. இப்ப ஒரு நல்லது என்னன்னா, புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 105வது பிரிவு, சோதனை போடுறதையும் பொருள் எடுக்குறதையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும். ஆக இனிமே கேக்க வேண்டிய கேள்வி "அரிவாள் கெடச்சுச்சா"ன்னு இல்ல, "எடுக்கும்போது வீடியோ இருக்கா, ரத்தம் சோதிச்சாச்சா, அது செத்தவரோடதுதானா"ன்னு.

மாவுக்கட்டுக்கு வருவோம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான், பாலத்துல இருந்து குதிச்சான்னு கையில காலுல கட்டோட போட்டோ வரும், நாம மீம்ஸ் போட்டுச் சிரிப்போம். ரவுடிதானன்னு நானும் சிரிச்சிருக்கேன், மறைக்கல. 2020 சாத்தான்குளம் வந்து அந்தச் சிரிப்ப நிப்பாட்டுச்சு. அப்பா மகன் ரெண்டு பேரும் தரையில உருண்டு பொரண்டதால காயம்னு போலீஸ் எழுதுச்சு, பக்கத்துக் கடை சிசிடிவில அப்படி ஒண்ணுமே இல்ல, அந்தக் கேஸ் விசாரணை இங்க மதுரைக் கோர்ட்டுலதேன் நடந்துச்சு. போன 2025 ஜூன்ல மடப்புரம், இங்கிருந்து கூப்பிடு தூரம், நகை காணோம்ங்கிற புகாருக்கு கோயில் காவலாளியக் கூட்டிட்டுப் போனாங்க, தப்பிக்கப் பாத்தான், விழுந்தான், வலிப்பு வந்துச்சுன்னு சொன்னாங்க, பெரியாஸ்பத்திரி பிரேதப் பரிசோதனையில 44 காயம். அதனால கட்டுப்போட்ட போட்டோ வந்தா கேளுங்க: ஆஸ்பத்திரியில காயத்தப் பதியுற ஏஆர் காப்பி என்ன சொல்லுது, ரிமாண்டுக்கு முன்னாடி டாக்டர் பாத்தாரா, மாஜிஸ்திரேட்கிட்ட அந்த ஆளு வாயத் தொறந்து எதாவது சொன்னானா. அடி வாங்குன வாக்குமூலத்துல நெசமான கொலகாரன் தப்பிச்சுப் போறதுக்கும் வழி இருக்குங்கிறத மறந்துடுறோம்.

முன்விரோதம், கள்ளக்காதல், பணத்தகராறு, இந்த மூணு வார்த்தையும் மொத நாளு வந்தா அப்படியே தாண்டிப் போங்க. செத்தவர் வீட்டு மானத்த வாங்குறதத் தவிர அதுல ஒண்ணும் இல்ல.

சரண்டர் ஒரு தனிக் கதை. கொலை இங்க நடக்கும், ரெண்டு நாள் கழிச்சு வேற மாவட்டத்துக் கோர்ட்டுல அஞ்சு பேர் வெள்ளை வேட்டியில போய் நிப்பாங்க. சரண்டர் ஆனா ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல, போலீஸ் கையில சிக்காம இருக்குறதுக்கும் ஆவாங்க, வேற ஒருத்தனக் காப்பாத்தவும் ஆவாங்க. 2024 ஜூலை 5ல பெரம்பூர்ல பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்க வெட்டுனப்ப அன்னைக்கு ராத்திரியே 8 பேர் கைது, உண்மைக் குத்தவாளி இவங்க இல்லன்னு மாயாவதியே சென்னைக்கு வந்து சொன்னாங்க, அதுல ஒருத்தன் ஜூலை 14ல என்கவுன்டர்ல செத்தான். ஒரு ஆளு செத்துட்டா அவன் வாய்ல இருந்து வரவேண்டியது வராது. என்கவுன்டர்னு கேட்டதும் பட்டாசு வெடிக்கிறவங்க இத யோசிக்கணும்.

என் கடைக்கு ஒரு ரிட்டயர்டு ஏட்டையா வருவாரு, பென்ஷன் பேப்பர் காப்பி எடுக்க. அவருகிட்ட ஒரு தடவ இதெல்லாம் கொட்டுனேன். சிரிச்சாரு. "தம்பி, பூராம் பொய்னு நெனைக்காத. பெரும்பாலும் ஆளு சரியாத்தேன் இருப்பான், கதையத்தேன் நாங்க ஒழுங்கு பண்ணுவோம். மேல இருந்து நாளைக்கு பிரஸ் மீட்டுங்கிறான், தடயம் வர ரெண்டு மாசம், நாங்க என்ன செய்ய." அவரு சொன்னதுல எனக்கு ஆறுதலும் வரல, கோவமும் முழுசா வரல.

ஆனா ஒரு விசயத்துல அவரு பேச்சு சரி. எல்லாத்தையும் செட்டப்புன்னு சொல்றவனும் ஏமாறுவான். 2015ல கோகுல்ராஜ்ங்கிற பையன சாதிக்காகக் கொன்ன கேஸ், பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்துல உடம்பு, தற்கொலை மாதிரியே ஜோடிச்சிருந்தாங்க, முக்கியமான சாட்சி பிறழ்ந்துருச்சு, ஆனா திருச்செங்கோடு கோயில் சிசிடிவி பிறழல. 2022ல மதுரை ஸ்பெஷல் கோர்ட்டுல 10 பேருக்கு ஆயுள். அன்னைக்கு "எங்க ஆளு மேல பொய்க் கேஸு"ன்னு ஸ்டேட்டஸ் வச்சவன் எத்தன பேரு. அதனால சந்தேகப்படுறதுக்கு முன்னாடி உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்குங்க: கைதானவன் வேற சாதியா இருந்தா இதே சந்தேகம் வந்திருக்குமா? எனக்கு ஒரு தடவ வந்திருக்காது, அந்தக் கேஸ சொல்லமாட்டேன்.

இதுக்கு நடுவுல செய்யக்கூடாதது ஒண்ணு, கைதானவன் மூஞ்சிய ஃபார்வேர்டு பண்ணாதீங்க. அடையாள அணிவகுப்புன்னு ஒண்ணு இருக்கு, சாட்சி அவனக் கூட்டத்துல இருந்து காட்டணும், அதுக்குத்தேன் துண்டப் போட்டு மூடிக் கூட்டிட்டு வர்றாங்க. நீங்க போட்டோவ ஊரு பூரா அனுப்பிட்டா நாளைக்கு வக்கீல் "வாட்ஸ்அப்ல பாத்துத்தான காட்டுனீங்க"ன்னு ஒரே கேள்வியில சாட்சிய முடிச்சுருவாரு. அவன் நெசமாவே கொலகாரனா இருந்தா அவன வெளிய விட்ட புண்ணியம் உங்களுக்கு.

கடைசியா, காலண்டர். கொலை கேஸ்ல ரிமாண்ட் ஆனதுல இருந்து 90 நாளுக்குள்ள சார்ஜ் ஷீட் போடலன்னா ஜாமீன் கேட்டா குடுத்தாகணும், அது அவன் நிரபராதின்னு சொல்றது இல்ல, போலீஸ் வேலைய முடிக்கலன்னு அர்த்தம். சார்ஜ் ஷீட் வந்தப்புறம் மொத நாளு பிரஸ் மீட்ட எடுத்து பக்கத்துல வச்சுப் படிங்க, கோடு போட்டு வச்ச அந்த மூணு ரகமும் இப்பத் தெரியும், அன்னைக்கு அடிச்சுச் சொன்னதுல எது காணாமப் போயிருக்குன்னு பாருங்க. அப்புறம் இ-கோர்ட்ஸ் ஆப்புல அந்தக் கேஸுக்குன்னே குடுத்த 16 இலக்க சிஎன்ஆர் நம்பரப் போட்டு வாய்தா வாய்தாவா பின்தொடரலாம். பொறுமை வேணும், நம்ம ஊரு தினகரன் ஆபீஸ் எரிப்புல 3 பேர் செத்தது 2007 மே, 2009ல கீழ்க்கோர்ட்டு எல்லாரையும் விட்டுருச்சு, 2019லதேன் ஒத்தக்கடை ஹைகோர்ட்டு பெஞ்சு 9 பேருக்கு ஆயுள் குடுத்துச்சு.

என் கடையில முருகன் படம் போட்ட காலண்டர்ல ஒரு தேதிய செவப்புப் பேனாவுல வட்டம் போட்டு வச்சிருக்கேன், ஒரு கேஸோட தொண்ணூறாவது நாளு. டீ கொண்டுவந்த பையன் பாத்துட்டு, "என்னண்ணே, கரண்ட் பில்லு கட்டுற தேதியா"ன்னு கேட்டான்.