குறி தப்புகிறதா? திருப்புளியை எடுக்கும் முன் அட்டையைப் பாருங்கள்

ஏர் பிஸ்டல் பழகத் தொடங்கிய புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். குண்டு இடப்பக்கம் போனால் பின் சைட்டைத் திருகினேன். (சைட் என்பது குறிபார்க்கும் பாகம். பள்ளம் வைத்த பின் சைட் கண்ணுக்குப் பக்கத்தில், முன் சைட் குழல் முனையில்.) வலப்பக்கம் போனால் மறுபடியும் திருகினேன். ஒரு மாதத்தில், எங்கே சுடுகிறோம் என்று அந்தப் பிஸ்டலுக்கே தெரியாமல் போனது. கோளாறு என் கையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் அப்பத்தா. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

கீழே உள்ளது 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு, வலது கையால் சுடுபவர்களுக்கு. இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படிக்கவும். குழல் எப்போதும் டார்கெட் பக்கம், இரண்டு சைட்டும் குறியில் சேரும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. இந்த இரண்டும் பழகாமல் மற்றது எதையும் தொடவேண்டாம்.

முதலில் ஒரே டார்கெட் அட்டையில் பத்துக் குண்டு சுடுங்கள். நடுவில் எதையும் மாற்றாதீர்கள். முதல் குண்டு தப்பியதே என்று இரண்டாவதற்குக் குறியைத் தள்ளி வைத்தால், அட்டை உங்களிடம் பொய் சொல்லும். கறுப்பு வட்டம் 59.5 மி.மீ., அதன் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மி.மீ. பத்தைத் தேடவேண்டாம், ஓட்டைகள் எந்த வடிவத்தில் விழுந்திருக்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

கொத்தாக ஒரே இடத்தில், ஆனால் நடுவை விட்டு விலகியிருந்தால் சந்தோஷப்படுங்கள். அது ஒன்றுதான் சைட் வேலை. மேலும் கீழுமாக நீண்டு விழுந்தால், முன் சைட்டை விட்டுவிட்டு டார்கெட்டைப் பார்க்கிறீர்கள், அல்லது மணிக்கட்டு தளர்கிறது. இடமும் வலமுமாகப் பரவினால் பெரும்பாலும் நிற்கும் விதம். போகப் போகக் குண்டுகள் கீழே இறங்கினால் சிலிண்டரில் காற்று குறைந்துவிட்டதா என்று பாருங்கள். கண்டபடி சிதறினால் சைட் திருகு ஆடுகிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, பிடியைக் கவனியுங்கள்.

இடது கீழ் மூலையில் கூடினால்? புதியவர்களில் நிறையப் பேருக்கு இதுதான். ட்ரிகரை அழுத்தும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன, குழல் தலை கவிழ்கிறது. எனக்கும் அதேதான்.

வீட்டில் குண்டில்லாமல் டிரை ஃபயர் செய்துகொண்டிருந்தேன். பட்டாலையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பத்தா, “ஏன்ப்பா, சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கண்ணைச் சுருக்கிக்கிறியே?” என்றார். பிஸ்டலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். சத்தத்தை எதிர்பார்த்துக் கண் சுருங்கும்போதே கையும் சேர்ந்து இறுகிக்கொண்டிருந்தது.

சந்தேகம் தீர ரேஞ்சில் ஒரு சோதனை உண்டு. கூட வருபவரிடம் பிஸ்டலைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில தடவை பெல்லட் (குண்டு) போட்டும் சில தடவை போடாமலும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள், குழல் டார்கெட்டைப் பார்த்தபடியே. காலியாக இருக்கும்போது முன் சைட் குபுக்கென்று கீழே இறங்கினால் குற்றவாளி அகப்பட்டார்.

மருந்து வெள்ளைச் சுவர். செட்டிநாட்டு வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரில் வெயில் பட்டால் கண் கூசும், காலையிலேயே முடித்துவிடுங்கள். அறையில் பெல்லட் டப்பாவே இருக்கக்கூடாது. டார்கெட் ஒட்டாமல், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று, முன் சைட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ட்ரிகரை அழுத்துங்கள். குழலின் மேல் தட்டையான இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் இன்னும் நல்லது, விழாதவரை சரி. எட்டுப் பத்து நொடிக்குள் ட்ரிகர் விழாவிட்டால் கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்குங்கள். ஒன்று: ஸ்பிரிங் வைத்த ஏர் பிஸ்டலைக் குண்டில்லாமல் சுட்டால் உள்ளே பிஸ்டன் கெடும். டிரை ஃபயர் வசதி உள்ளதில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

நிற்கும் விதத்துக்கு, வீட்டுத் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் போதும். இரண்டு கல் சேரும் கோட்டில் பாதத்தை வைத்து, கண்ணை மூடிக் கையைத் தூக்கிக் கண்ணைத் திறங்கள். சைட் வலப்பக்கம் விலகி நின்றால் கையால் இழுக்காதீர்கள், பின்னங்காலை நகர்த்துங்கள். (பத்து அங்குலக் கல்லென்றால் 10 மீட்டருக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதற்காக வீட்டுக்குள் பெல்லட் போட்டுச் சுடவேண்டாம்.)

கை ஆடுகிறதே என்று பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. மொத்தக் கையும் 5 மி.மீ. நகர்ந்தால் குண்டும் ஏறக்குறைய அவ்வளவுதான் நகரும். ஆனால் இரண்டு சைட்டுக்கும் இடையே 33 செ.மீ. இருக்கும் பிஸ்டலில், முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. விலகினால் அட்டையில் 30 மி.மீ. போய்விடும். வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட நான்கு வளையம். அதனால் முன் சைட் கூர்மையாகத் தெரியட்டும், டார்கெட் மங்கலாக இருந்தால் இருக்கட்டும்.

இத்தனையும் செய்து கொத்து இறுகிய பிறகுதான் திருப்புளி. குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே பின் சைட்டை நகர்த்துங்கள். இரண்டு க்ளிக் (திருகு ‘டிக்’கென்று நகரும் ஒவ்வொரு படியும் ஒரு க்ளிக்), அப்புறம் ஐந்து குண்டு. எத்தனை க்ளிக்குக்கு எவ்வளவு நகர்ந்தது என்று அந்த அட்டையின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.