அம்பாசிடரில் ஸ்பார்க் வராதபோது: ஒரு பல்பும் ஒரு அட்டைத் துண்டும்

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1978 ஆம் ஆண்டு வண்டி; மார்க் 3, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சென்ற ஆண்டு பழனிக்குப் போகும் வழியில் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியதும், யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததைப் போல அது சட்டென்று நின்றுவிட்டது. கட்டி இழுத்துப் போன பட்டறையில் காயிலையும் (12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும் சுருள்) நான்கு பிளக்குகளையும் (சிலிண்டருக்குள் பொறி அடிப்பவை) மாற்றினார்கள். வீடு வந்து சேர்ந்த மூன்றாம் நாள் வண்டி மறுபடியும் படுத்துவிட்டது. பிறகு நானே, காயிலின் கரண்டை நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தொலைத்து, கடைசியில் பிடித்துக்கொண்ட வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, காயிலின் கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் தொடுமுனைகள்), கண்டென்சர் (அந்த முனைகள் தீய்ந்துபோகாமல் காப்பது) உள்ள எந்தப் பழைய பெட்ரோல் காருக்கும் இது பொருந்தும். அளவுகள் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இதில் வேலை இல்லை, ஏனெனில் அந்த இன்ஜினில் ஸ்பார்க்கே கிடையாது.

கருவிகளில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மல்டிமீட்டரை விட 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் பொருத்தி, இரண்டு ஒயர்களின் முனையிலும் கிளிப் வைத்துக்கொள்வதே மேல். துருப்பிடித்து ஓரிரு இழைகளில் தொங்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும். பல்பு எரிவதற்குக் கரண்ட் உண்மையாகவே பாய வேண்டியிருப்பதால் அதை ஏமாற்ற முடியாது. இதனுடன் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), பழைய பிளக் ஒன்று, நுனியில் காந்தம் ஏற்றிய சிறிய திருப்புளி, ஒரு விசிட்டிங் கார்டு ஆகியவை போதும். காந்தம் எதற்கென்றால், பாயிண்டைப் பிடித்திருக்கும் திருகு கைநழுவி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விழுந்தால், அதை வெளியே எடுப்பது தனியொரு வேலையாகிவிடும்.

முதலில் கோளாறு கரண்டிலா பெட்ரோலிலா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி திணறி, குலுங்கி, மெல்ல மெல்ல அடங்கி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். ஒரே நொடியில் செத்தால் பெரும்பாலும் கரண்ட். உறுதி செய்ய, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவில் இருக்கும் தடித்த ஒயரைக் கழற்றி, அதன் முனையில் பழைய பிளக்கை மாட்டி, பிளக்கின் இரும்பு உடல் இன்ஜினைத் தொடும்படி வைத்துவிட்டு, வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒருவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். சுளீரென்று நீல நிறத்தில் பொறி அடித்தால் காயில் வரைக்கும் குறையில்லை. கேப், அதற்குள் சுற்றும் ரோட்டார், பிளக் ஒயர்கள் ஆகியவற்றில்தான் பார்க்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து அடித்தாலோ, அடிக்கவே இல்லை என்றாலோ அடுத்த படிக்குப் போகலாம். அந்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சோதிக்காதீர்கள். அதில் வருவது பல ஆயிரம் வோல்ட். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இந்தச் சோதனையே வேண்டாம்.

இனி பல்பின் வேலை. காயிலில் இரண்டு சிறிய முனைகள் இருக்கும். பழைய காயில்களில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்றும், பின்னால் வந்தவற்றில் கூட்டல், கழித்தல் குறிகளாகவும் பொறித்திருப்பார்கள். சாவியைப் போட்டு, பல்பின் ஒரு கிளிப்பை இன்ஜின் உடலிலும் மற்றதைச் சாவியிலிருந்து ஒயர் வரும் முனையிலும் வையுங்கள். எரியவில்லை என்றால் கோளாறு சாவியிலோ வரும் ஒயரிலோ இருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட வேண்டியதில்லை. எரிந்தால் கிளிப்பை டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒயர் போகும் முனைக்கு மாற்றி, ஹேண்டிலைப் போட்டு இன்ஜினை மெல்லச் சுற்றுங்கள். பாயிண்ட் திறக்கும்போது பல்பு எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது முகத்தில் அழுக்கு இருக்கிறது, அல்லது உள்ளே எர்த் (வண்டியின் உடலோடு உள்ள இணைப்பு) விட்டுப்போயிருக்கிறது. ஒருபோதும் எரியவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் அந்த மெல்லிய ஒயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளோ அந்த ஒயரிலோ எங்கோ ஷார்ட் ஆகிறது, அல்லது பாயிண்ட் திறக்கவே இல்லை. அப்போதும் எரியவில்லை என்றால் காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது. பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டபடி விட்டுவிடாதீர்கள், காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

என் வண்டியில் மெல்லிய ஒயரைக் கழற்றியதும் பல்பு எரிந்தது. கேப்பைத் திறந்து பார்த்தபோது பாயிண்டின் ஒரு முகத்தில் சிறு மேடும் எதிர் முகத்தில் அதே அளவு பள்ளமும் விழுந்து, கறுத்துப்போயிருந்தது. கண்டென்சரின் ஒயரைக் கழற்றிப் பார்த்ததும் ஷார்ட் விலகிவிட்டது. ஆகக் காயில் மேல் பழி போட்டது வீண். புதுப் பாயிண்டும் கண்டென்சரும் வாங்கி மாட்டினேன். ஸ்பார்க் வரவில்லை. கழற்றி மறுபடி மாட்டினேன். வரவில்லை.

இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படியுங்கள். லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரில், பாயிண்டின் ஸ்பிரிங் பட்டை வந்து அமரும் இடத்தில் ஒரு சிறிய உலோகக் கம்பம் நிற்கும். அந்தக் கம்பம் எர்த். ஸ்பிரிங்கோ கரண்ட் உள்ள பகுதி. இரண்டும் தொடவே கூடாது. கம்பத்தின் அடியில் முதலில் ஃபைபர் வாஷர், அதன் மேல் ஸ்பிரிங்கின் துளை. பிறகு, தலை அகன்று கழுத்து ஒடுங்கிய, தொப்பியைப் போன்ற சிறிய பிளாஸ்டிக் புஷ் ஒன்று வரும். காயிலிலிருந்து வரும் ஒயரின் வளையத்தையும் கண்டென்சர் ஒயரின் வளையத்தையும் அந்தப் புஷ்ஷின் கழுத்தில் கோத்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கம்பத்தில் இறக்க வேண்டும். அப்போதுதான் வளையங்கள் ஸ்பிரிங்கின் மேல் படிந்து, கம்பத்தையும் நட்டையும் தொடாமல் நிற்கும். நானோ புஷ்ஷை முதலில் இறக்கிவிட்டு, அதன் தலைக்கு மேல் வளையங்களை வைத்து நட்டை இறுக்கியிருந்தேன். பார்வைக்கு ஒழுங்காகவே தெரிந்தது. ஆனால் காயிலின் கரண்ட் முழுவதும் நட்டு வழியாக எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு பிளாஸ்டிக்குக்காக ஆறு மணி நேரம் போயிற்று.

அன்றிலிருந்து கேப்பை மூடுவதற்கு முன் ஒரு சோதனையை நான் விடுவதில்லை. பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இன்ஜினை நிறுத்தி, இரண்டு முகங்களுக்கும் நடுவே விசிட்டிங் கார்டைச் செருகி, பல்பைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் முனையில் வைத்துச் சாவியைப் போட வேண்டும். கார்டு உள்ளே இருக்கும்போது பல்பு எரிந்து, உருவியதும் அணைந்தால் வாஷரும் புஷ்ஷும் ஒயரும் சரியாக அமர்ந்திருக்கின்றன. கார்டு இருந்தும் எரியவில்லை என்றால் மறுபடி கழற்றுங்கள்.

இடைவெளி வைப்பது எளிது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டில் சுற்றும் கேமின் மேடு பாயிண்டின் குதியை முழுவதும் தள்ளியிருக்கும் இடத்தில் இன்ஜினை நிறுத்தி, 0.38 மி.மீ. தகடு லேசான உராய்வுடன் போய்வரும்படி திருகை இறுக்க வேண்டும். தகட்டில் எண்ணெய் இருந்தால் அது பாயிண்டில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே துடைத்துவிட்டுச் செருகுங்கள். இடைவெளி கூடினால் டைமிங் (பொறி அடிக்கும் நேரம்) முன்னே போகும், குறைந்தால் பின்னே போகும் என்பதால், டைமிங்கைப் பார்ப்பதாக இருந்தால் இதற்குப் பிறகே பார்க்க வேண்டும்.

பிளக் ஒயர்களைக் கழற்றியிருந்தால், சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2 என்பதையும், ரோட்டார் மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது என்பதையும், ரேடியேட்டர் பக்கத்தில் இருப்பதே முதல் சிலிண்டர் என்பதையும் நினைவில் வையுங்கள். கேப்பின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் அதைச் சுரண்டிப் பயனில்லை, கேப்பையே மாற்றுங்கள்.

பின் சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், பல்பு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது, பாயிண்ட் புதியது, முகமும் சுத்தம் என்று எழுதியிருந்தார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அசையும் தட்டையும் உடலையும் இணைக்கும் பின்னல் எர்த் ஒயரைப் பார்க்கச் சொன்னேன். இன்ஜினின் வேக்குவம் (உறிஞ்சும் விசை) தட்டை இழுக்கும்போதெல்லாம் அந்த ஒயர் வளைந்து நிமிர்வதால் நாளடைவில் அறுந்துவிடுகிறது. அவருடையதில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்ததாம்.

வண்டி சூடானதும் நின்று, அரைமணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்புகிறது என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். நின்ற உடனேயே, ஆறவிடாமல், பழைய பிளக் சோதனையைச் செய்து பாருங்கள். ஆறிய பிறகு எல்லாமே ஒழுங்காகத்தான் தெரியும். சூட்டோடு பார்த்தபோது ஸ்பார்க் இல்லை என்றால் கண்டென்சரை மாற்றுங்கள், அதிலும் தீராவிட்டால் காயிலை மாற்றுங்கள். நீலப் பொறி நன்றாக அடித்தால், பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பாருங்கள். உடனே கிளம்பினால் அது வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது.

பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறலாமா என்றும் கேட்கிறார்கள். தினமும் ஓடும் வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றவில்லை, டேஷ்போர்டு அறையில் ஒரு பாயிண்ட், ஒரு கண்டென்சர், அந்தப் பிளாஸ்டிக் புஷ்ஷில் இரண்டு ஆகியவற்றைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.