டர்பன் கடற்கரையில் மெட்டல் டிடெக்டர்: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

மணலுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடும் மெட்டல் டிடெக்டரைக் கையில் எடுப்பதற்கு முன் வீட்டுக் காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக உள்வாங்கும். டர்பன் பக்கம் அந்த நாட்களில் தண்ணீர் மிகவும் இறங்கியிருப்பது காலை பத்து மணி வாக்கில். அப்புறம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். தண்ணீர் முழுதாக இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். வற்றிக்கொண்டே போகும் தண்ணீரோடு நீங்களும் இறங்கிப் போகலாம்.

டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தம்பி பிள்ளைகள் டர்பனில் நான் இருக்கும் சேட்ஸ்வொர்த்துக்கு வந்துவிட்டால் எனக்கு இதுதான் வேலை. அத்தையோடு பீச்சுக்குப் போவதென்றால் நீச்சல் உடையோடு மணலை அள்ளிச் சலிக்கும் சல்லடை ஸ்கூப்பும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். புதையல் தேடுவதாக நான் அவர்களிடம் சொல்வதே இல்லை. யாரோ தொலைத்ததைத் தேடிக் கொடுக்கப் போகிறோம் என்றுதான் சொல்வேன். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் இன்னும் பொறுமையாகத் தேடுகிறார்கள்.

இயந்திரம் வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஈர உப்பு மணலில் வேலை செய்யுமா? விலை குறைந்தவை பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் இயங்குபவை. காய்ந்த மணலில் அவை போதும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈர மணலுக்குப் போனதும் எதுவும் இல்லாத இடத்திலும் கத்தும். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்கும் இயந்திரம் என்றால் அந்தத் தொல்லை குறைவு. நம் கரையில் கறுப்பு மணல் வேறு இருக்கிறது. வடக்கே ரிச்சர்ட்ஸ் பே பக்கம் டைட்டானியத்துக்காகத் தோண்டுகிறார்களே, அதே கனமான தாதுமணல்தான் அலையோடு வரி வரியாக ஒதுங்கும். அந்த வரிகளில் இரைச்சல் வந்தால் சென்சிட்டிவிட்டியை, அதாவது இயந்திரத்தின் உணர்திறனை, குறையுங்கள். எட்டும் ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் கேட்கிற சத்தம் நம்பகமாக இருக்கும்.

காய்ந்த மணலில் தொடங்குங்கள். முந்தின நாள் குடும்பங்கள் டவல் விரித்து உட்கார்ந்த இடம்தான் நல்ல இடம். வெயில் கிரீம் பூசக் கழற்றிய மோதிரம், டவலை உதறும்போது தெறித்த காசு எல்லாம் அங்கேதான் கிடக்கும். நார்த் பீச், சவுத் பீச் பக்கம் கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் புத்தாண்டு அன்றும் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம் இருக்கும். அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் போங்கள். தென்மேற்குக் காற்று பலமாக அடித்து அலை கரையை வெட்டியிருந்தால் இன்னும் நல்லது, மேல்மணல் போய் அடியில் கிடந்தது மேலே வந்திருக்கும். துறைமுக வாய் தடுத்து நிறுத்தும் மணலைக் குழாய் வழியாக நகரக் கடற்கரைகளுக்கு இறைப்பார்கள். புதிதாக மணல் கொட்டிய இடத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

காயிலை, அதாவது தண்டின் அடியில் உள்ள வட்டத் தட்டை, மணலை ஒட்டியே, தரைக்கு இணையாக, மெதுவாக வீசுங்கள். வீச்சின் முடிவில் கை மேலே தூக்கிக்கொள்ளும், பிள்ளைகளுக்கு அதுதான் பழகக் கடினம். ஒவ்வொரு வீச்சும் முந்தினதன் பாதியையாவது மீண்டும் தொட வேண்டும். கரைக்கு இணையாக ஒரு முறை, குறுக்கே ஒரு முறை நடந்தால் பெரும்பாலும் எதுவும் தப்பாது.

எதைத் தோண்டுவது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அடியில் கிடக்கும் உலோகத்துக்கு ஏற்ப இயந்திரத்தின் திரையில் ஒரு எண் வரும். தங்க மோதிரத்தின் எண்ணும், குளிர்பான டின்னின் இழுப்பு வளையத்தின் எண்ணும், அலுமினியத் தாளின் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வரும். நம் தென்னாப்பிரிக்கக் கடைகளில் அதிகம் விற்கும் 9 காரட்டில் தங்கம் 37.5 சதவீதம்தான், மீதி வேறு உலோகம். அதனால் குப்பை என்று ஒரு எண்ணை ஒதுக்கினால் மோதிரத்தையும் சேர்த்தே ஒதுக்குகிறீர்கள். இரும்புக்குச் சத்தம் வராமல் மறைக்கும் வசதியையும் கடுமையாக வைக்காதீர்கள். நம் 10, 20, 50 சென்ட் காசுகளுக்குள் இருப்பது எஃகுதான். கடற்கரையில் தோண்டுவது எளிது, எல்லாவற்றையும் தோண்டுங்கள்.

சங்கிலி வேறு கதை. இயந்திரம் சங்கிலியை ஒரே பொருளாகப் பார்க்காது, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத்தான் உணரும். மெல்லிய சங்கிலி பக்கத்தில் கிடந்தாலும் சத்தம் வராமல் போகலாம். கடலில் குளிக்கும்போது தாலிக்கொடி அறுந்து போனதாக யாராவது கலங்கி நின்றால், கொடியைத் தேடாதீர்கள். தாலிப் பொட்டு, காசு, குண்டு இவற்றுக்குத்தான் சத்தம் வரும். முதலில் எல்லோரையும் நடமாடாமல் நிற்கச் சொல்லுங்கள். அவர்கள் நின்ற இடத்தில் ஒரு குச்சி நட்டு, மணலில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகத் தேடுங்கள். தண்ணீருக்குள் என்றால் அடுத்த வற்றம் வரை காத்திருங்கள். தங்கம் கனமானது, சருகைப் போல அலை அதை எளிதில் தூக்கிப் போகாது.

பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறக்காதீர்கள். உம்ஷ்லாங்கா போன்ற சரிவான கரையில் அலை காலை வாரிவிடும். லைஃப்கார்டிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. தூண்டில்காரர்கள் நிற்கும் பியர் பக்கம் ஈயக் குண்டும் முள்ளும் ஏராளம். செருப்புப் போட்டு, ஸ்கூப்பைச் சலித்து, பெரியவர் பார்த்த பிறகே பிள்ளைகள் அதற்குள் கையை விட வேண்டும். தோண்டிய குழியை உடனே மூடச் சொல்லுங்கள், இருட்டில் ஓட வருபவர்களின் கால் அதில் மாட்டும்.

இரண்டு இடங்களில் இயந்திரத்தைக் காரிலேயே விட்டுவிடுங்கள். ஒன்று, கப்பல் உடைந்த இடங்கள். 1552-ல் கொச்சியிலிருந்து மிளகு ஏற்றிவந்த சாவோ ஜோவாவ் என்ற போர்ச்சுகீசியக் கப்பல் போர்ட் எட்வர்ட் அருகே உடைந்தது. அந்தக் கரையில் சிவப்புக் கார்னீலியன் மணிகளும் பீங்கான் துண்டுகளும் ஒதுங்கியிருக்கின்றன. 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி 60 ஆண்டுக்கு மேற்பட்ட உடைந்த கப்பலும் சரக்கும் பாதுகாக்கப்பட்டவை. தொல்பொருள் இடத்துக்கு அனுமதியின்றி மெட்டல் டிடெக்டரைக் கொண்டுபோவதே குற்றம்.

இன்னொன்று, உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூன். நம்மவர்கள் அங்கே பூசை செய்து காசும் விளக்கும் தண்ணீரில் விடுகிறார்கள், அஸ்தி கரைக்கிறார்கள். அது தொலைந்த பொருள் அல்ல, கொடுத்த பொருள். பிள்ளைகளிடம் இதை அங்கேயே நின்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் காயிலையும் தண்டையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி தண்ணீர் தாங்காத வகை என்றால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். மோதிரம் கிடைத்திருந்தால், எந்தக் கரை, என்று கிடைத்தது என்று மட்டும் ஊர்க் குழுவில் போடுங்கள். படம் போடாதீர்கள். உள்பக்கம் என்ன பொறித்திருக்கிறது, கல் என்ன நிறம் என்று கேட்டு வருபவரே சொல்லட்டும். சரியாகச் சொல்பவரிடம் கொடுங்கள். யாரும் வரவில்லை என்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எழுதிக் கொடுத்ததற்கு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.