மாத்திரையை நிறுத்தாமல் நோயின் வேரைத் தேடுவது எப்படி? சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மண்டபம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருபவர்களில் இரண்டு வகையினரைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. ஒருவர் வருடக்கணக்காக அதே சீட்டை நீட்டி அதே மாத்திரையை வாங்கிப் போவார். ஏன் இன்னும் குறையவில்லை என்று அவரும் கேட்டதில்லை, அவரிடமும் யாரும் கேட்டதில்லை. இன்னொருவர் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, வேர்க்காரணத்தைச் சரிசெய்தால் போதும் என்று நம்பி மாத்திரையை நிறுத்தியிருப்பார். சர்க்கரை 400-ஐத் தொட்ட பிறகு திரும்பி வருவார். இந்த இருவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வீடியோக்கள் பேசுவது பெரும்பாலும் ஃபங்ஷனல் மெடிசின் பற்றி. 1991-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி பிளாண்ட் என்ற உயிர்வேதியியலாளர் இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். 2014-இல் அங்குள்ள பெரிய மருத்துவமனையான கிளீவ்லேண்ட் கிளினிக் இதற்குத் தனிப் பிரிவே திறந்தது. இந்த முறையில் மருத்துவர் நோயின் பெயரோடு நிற்காமல், அது எப்படி வந்தது, எது அதைத் தூண்டியது, எது அதைப் போகவிடாமல் வைத்திருக்கிறது என்று உணவு, தூக்கம், வேலை, மனக்கவலை எல்லாவற்றையும் கேட்டு எழுதுவார். நல்ல பழக்கம். ஆனால் இதே பெயரில் தேவையில்லாத டெஸ்டுகளும் டப்பா டப்பாவாக சப்ளிமெண்டுகளும் விற்கப்படுகின்றன. நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் சிறப்புத் துறைகளில் இது இல்லை. அதனால் கேள்வி கேட்கும் முறையை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்வோம். மருந்தும் அளவும் வழக்கமான மருத்துவத்தின் கையிலேயே இருக்கட்டும்.

படி 1: இந்த வழி எதற்குக் கூடாது

நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், மூச்சுத்திணறல் எதுவானாலும் வேரைத் தேடும் நேரம் அதுவல்ல; 108-ஐக் கூப்பிடுங்கள். டைப் 1 சர்க்கரைக்காரர்கள் இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்களின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை இவற்றிலும் சொந்த முடிவு வேண்டாம். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கீழே சொல்லும் உணவு மாற்றங்களைக்கூட டாக்டரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

படி 2: ஒரு நோட்டு, அதன் முதல் பக்கத்தில் மருந்துகள்

வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பாயில் கொட்டுங்கள். இங்கிலீஷ் மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த வைட்டமின் டப்பா என்று எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், யார் எழுதிக் கொடுத்தது என்று எழுதுங்கள்.

கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். அதற்கு மேலோ கீழோ சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர், அதை எழுதுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வருகிறது. தனியார் டாக்டரும் வேறு கம்பெனிப் பெயரில் அதே மெட்ஃபார்மினை எழுதியிருப்பார். அட்டையின் நிறம் வேறு என்பதால் இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போடுபவர்கள் உண்டு. படிக்கத் தெரியவில்லை என்றால் பையோடு மருந்துக்கடைக்கு வந்து கேளுங்கள். சொல்லித் தருவது எங்கள் வேலை.

படி 3: காலக்கோடு

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இதற்குப் பத்துப் பைசா செலவில்லை. நோட்டைக் குறுக்காகத் திருப்பி ஒரு கோடு போடுங்கள். இடது ஓரம் பிறந்த வருடம், வலது ஓரம் இன்று. அம்மா அப்பாவுக்கு என்ன நோய், கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா, எப்போது எடை கூடியது, எந்த வருடம் என்ன துக்கம் வந்தது, எப்போது வேலை மாறியது, எந்த மருந்து எப்போது ஆரம்பித்தது என எல்லாவற்றையும் அந்தக் கோட்டில் குறியுங்கள். நம் ஊருக்கென்று ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் சாப்பாடு, நடமாட்டம், கையில் இருக்கும் காசு எல்லாமே மாறும். அந்த மாதங்களில் எடுத்த டெஸ்டுகளைத் தனியாகக் குறித்துப் பாருங்கள்.

அடுத்து ஒரே ஒரு நாளின் கோடு. காலையில் எழுவதிலிருந்து தூங்கும்வரை என்ன சாப்பிட்டீர்கள், எப்போது மாத்திரை போட்டீர்கள், எப்போது உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று மணியோடு எழுதுங்கள்.

பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா கடைக்கு வருவார். "என்னத்தச் சொல்ல தம்பி, மாத்திரயத் தவறாமத்தான் போடுறேன், சுகர் எறங்கவே மாட்டேங்குது" என்பார். அவருடைய ஒரு நாளை மணிவாரியாக எழுதிப் பார்த்தோம். காலை 6 மணிக்குக் கருப்பட்டிக் காப்பியோடு மாத்திரை. அது கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. பிறகு விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள். வயிற்றில் வேறு ஒன்றும் இல்லை. 10, 11 மணிவாக்கில் கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல். "பசி மயக்கம்தான" என்று நினைத்துக் கரையேறியதும் ஒரு பாட்டில் கலர், இரண்டு பன். வீட்டுக்கு வந்து பெரிய தட்டில் சோறு. சாயங்காலம் டெஸ்ட் எடுத்தால் 280. அதைப் பார்த்தவர்கள் மாத்திரையைக் கூட்டினார்கள். மாத்திரை கூடக் கூட மயக்கமும் கூடியது.

சர்க்கரை தாழ்ந்து போவதுதான் அந்த நடுக்கம். தரையில் வந்தால் உட்கார்ந்துகொள்ளலாம், கடலுக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த ஒரு பக்கத்தை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவர் மாத்திரையையே மாற்றினார். கிளம்பும் முன் இரண்டு அவித்த முட்டையும் கொஞ்சம் சுண்டலும் சாப்பிடச் சொன்னார். கலர் பாட்டிலுக்குத் தேவையே இல்லாமல் போனது. அடுத்தடுத்த சீட்டுகளில் அளவு இறங்கியதை நானே பார்த்தேன். இதற்கு விலை உயர்ந்த டெஸ்ட் எதுவும் தேவைப்படவில்லை.

படி 4: எதை அளப்பது, எதற்குக் காசு கொடுக்காமல் இருப்பது

வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், கொழுப்பு, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின். ஆரம்பத்துக்கு இவை போதும். மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுபவர்கள் பி12 பார்ப்பது நல்லது, அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும். பாதம் எரிவது, மரத்துப்போவது எல்லாமே சர்க்கரையால் வருவதல்ல. சிலருக்கு இந்தக் குறைவும் காரணம். இன்னொன்று, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2022 முதல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடிப்படைப் பரிசோதனைக்கு அங்கே போகலாம். கண் பரிசோதனையையும் பாதப் பரிசோதனையையும் வருடம் ஒரு முறையாவது கேட்டு வாங்குங்கள். பாறையில் நடப்பவர்கள், வெறுங்காலோடு கரைவலை இழுப்பவர்கள் தினமும் ராத்திரி உள்ளங்காலை ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் சிப்பி கிழித்தது தெரியவே தெரியாது.

நூறு உணவுகளுக்கு ஒவ்வாமை பார்க்கிறோம் என்று ஐஜிஜி என்ற ரத்த டெஸ்ட் விற்பார்கள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும். அமெரிக்க, ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பிரஷரை வீட்டில் அளப்பதாக இருந்தால் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பேச வேண்டாம். அரை மணி நேரம் முன்பே டீ, பீடி கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், ராத்திரி படுக்கும் முன், ஒரு வாரம் தொடர்ந்து. வீட்டில் சராசரி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரிடம் பேச வேண்டும்.

படி 5: ஒரே ஒரு மாற்றம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

பிரஷர் உள்ளவர்கள் உப்பில் ஆரம்பிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே வேளையில் இருந்தால் அதைத் தாண்டிவிடுவது சுலபம். கருவாட்டை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றிக் கழுவி, வாரம் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் பச்சை மீன். சாளையும் நெத்திலியும் விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் உள்ளவை. குழம்பாக வையுங்கள், பொரிப்பதைக் குறையுங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதைப் பயன்படுத்தாதீர்கள், அதிலும் சோடியம் இருக்கிறது. இந்துப்பும் சோடியம்தான், அதனால் பிரஷர் குறையாது. சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டன், எனாலபிரில் போன்ற பிரஷர் மாத்திரை போடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு முதல் மாற்றம் சோற்றின் அளவு. தட்டில் பாதி காய், கால் பங்கு மீனோ பயறோ, கால் பங்கு சோறு. கருப்பட்டி நம் மண்ணின் பொருள், பனையேறிகளின் உழைப்பு. ஆனாலும் அது சர்க்கரைதான். ரத்தத்தில் ஏற்றத்தான் செய்யும். கீழக்கரை தொதலுக்கும் இதே கணக்கு.

உணவால் எவ்வளவு முடியும்? 2017-இல் வெளியான டைரக்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வில், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இறக்கினார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதை நடத்தியது வழக்கமான மருத்துவம்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உணவு ஃபங்ஷனல் மெடிசினுக்கு மட்டும் சொந்தமில்லை.

ராத்திரி கடலுக்குப் போகிறவர்களிடம் எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று சொல்லி என்ன பயன்? திரும்பி வந்த பகலில் அறையை இருட்டாக்கி, ஃபோனை வெளியே வைத்து, ஒரே மூச்சில் ஐந்தாறு மணி நேரம் தூங்க முடிகிறதா என்று பாருங்கள். சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று எழுபவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிரஷர் இறங்காததற்கு அது பெரிய காரணமாக இருக்கலாம்.

படி 6: பொடியும் டப்பாவும்

சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்சாறு மூன்றும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியவை. அதனால்தான் ஆபத்து. கிளிமிபிரைடோ இன்சுலினோ போடும்போது மேலே இதையும் சேர்த்தால் அளவு தாழ்ந்துவிடும். 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நாட்டு மருந்து வேண்டும் என்றால் அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். டீக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. வாரம் ஒன்று என்று எழுதிய 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். சத்து மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள்.

படி 7: டாக்டர் முன் உட்காரும்போது

கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். நோட்டைத் திறந்து கையில் கொடுங்கள். இப்படிக் கேளுங்கள்: "சார், போன தடவைக்கப்புறம் சோத்தக் கொறச்சிருக்கேன், எடை நாலு கிலோ எறங்கியிருக்கு. காலை அளவுலாம் இதுல இருக்கு. மாத்திரைய இப்பக் கொறைக்கலாமா, எதை முதல்ல?" இப்படிக் கேட்டு எந்த டாக்டரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சோற்றைக் குறைக்கும் முன்பே சொல்ல வேண்டிய மாத்திரைகளும் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இருந்தால் சர்க்கரை தாழும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை இருந்தால், பட்டினியிலும் சோற்றை அறவே விடுவதிலும் ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி மக்கள் ரமலானுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபங்ஷனல் மெடிசின் பார்க்கும் டாக்டரிடம் மதுரைக்கோ சென்னைக்கோ போவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: அவர் பதிவு பெற்ற மருத்துவரா, பதிவு எண் என்ன, நம் ஊர் டாக்டருக்குக் கடிதம் எழுதித் தருவாரா, சொல்லும் டெஸ்டின் முடிவு வந்தால் சிகிச்சையில் என்ன மாறும், மருந்தை அவரே விற்கிறாரா. முதல் சந்திப்பிலேயே எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாத்திரை குறைந்த பிறகு முதல் இரண்டு வாரம் அளவுகளைத் தினமும் எழுதுங்கள். ஏறினால் டாக்டருக்குச் சொல்லி அவர் சொல்லும் அளவுக்குத் திரும்புங்கள். ஹெச்பிஏ1சி-யை மூன்று மாதம் முடிவதற்குள் எடுத்துப் பயனில்லை. அதை எடுக்க வேண்டிய தேதியை நோட்டின் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.