முதல் நாளுக்குரியவை கைப்பையில் இருக்கட்டும்

குடும்பத்தோடு முதன்முறையாக உல்லாசக் கப்பலில் செல்வோர், கடவுச்சீட்டு, மருந்துகள், பிள்ளைகளின் மாற்றுடை, நீச்சலுடை ஆகியவற்றைப் பெரிய பெட்டியில் வைக்காமல், ஏறும்போது தோளில் மாட்டிச் செல்லும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிகள், அறை எண் எழுதிய அட்டை கட்டப்பட்டு, ஊடுகதிர்ச் சோதனைக்குப் பின்னரே அறை வாசலுக்கு வந்து சேரும் என்பதால், நண்பகலில் ஏறியவருக்கு அவை மாலையில்தான் கிடைப்பதும் உண்டு. அதுவரை நீச்சல் குளம் கண்முன்னே இருந்தும் பிள்ளைகள் கரையில்தான் நிற்க வேண்டும். மலையகத்து நானுஓயாவின் குளிரில் ஸ்வெட்டரோடு ரயில் ஏறி, கொழும்பின் வெக்கையில் இறங்கும் நம்மவருக்கு, மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று அந்தப் பையின் மேல்தட்டில் இருப்பது இன்னும் அவசியம். ரம்பொடை மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால், மருத்துவரிடம் வயதுக்கேற்ற அளவைக் கேட்டு வாங்கிய பயணக் குமட்டல் குளிசையும் கையிலேயே இருக்க வேண்டும்; கப்பல் புறப்படுமுன் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும், குமட்டத் தொடங்கிய பின் பலன் குறைவு.

சக்கரம் வைத்த சிறிய பெட்டிகளை மட்டும் கொண்டுசென்று, அவற்றைத் தாமே அறைவரை இழுத்துச் செல்பவர்களுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. ஆனால், கடைசி இரவில் பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொன்னால், மறுநாள் காலையில் உடுத்த வேண்டியதையும் செருப்பையும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.